குளிர்க் குளத்து மீனும் ஒரு முழம் அரக்குப் பட்டும்

ஒரே ஒரு கல்யாணப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகக் கடல் தாண்டியவன் ஆரணியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், பொங்கல் கழித்து அந்தப் பயணம். சிலோனில் நுவரெலியா என்ற மலை ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவரின் சம்சாரம் நம்ம சேத்துப்பட்டுப் பக்கத்தவர். மகள் கல்யாணத்துக்கு மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்து எங்கள் தறியில்தான் நெய்ய வேண்டும், பார்சலில் போட்டால் எத்தனை கை படுமோ, நீங்களே கொண்டுவந்து கல்யாணத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அந்த அம்மா கடிதம் எழுதிவிட்டார்கள்.

எனக்குப் போக மனசே இல்லை. என் பெரிய மகளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகி எட்டாம் மாசத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள். படவேட்டு ரேணுகாம்பாளிடம் நான் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்து அதன் முடியை அவள் சந்நிதியில் இறக்குகிற வரைக்கும் மீன், கறி, முட்டை எதையும் வாயில் வைக்க மாட்டேன், ஓர் உயிரையும் கொல்ல மாட்டேன் என்று. இப்படி இருக்கும்போது எங்கே போவது?

என் மனைவிதான் பிடித்துத் தள்ளினாள். "போய்ட்டு வாங்க. நீங்க இங்க வாசலுக்கும் தறிக்கும் நடந்துகினு இருந்தா எங்களுக்குத்தான் பேஜார். பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாசம் கீது."

துணைக்கு அவள் தம்பி முனிரத்தினம் வந்தான். அவனுக்கு முப்பது வயசு. நல்ல நெசவுக்காரன், அதைவிட நல்ல சாப்பாட்டுக்காரன். எனக்கு நேர் எதிராக, வாயை மூடத் தெரியாதவன்.

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறும்வரை அந்த வாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஏறியபின் ஓடியது வேறு. தலையைக் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டவன் மன்னார்க் கரை தெரிந்த பிறகுதான் நிமிர்ந்தான். நான் புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடலைப் பார்த்தால் பயம் வரும் என்று பெட்டியையே பார்த்தேன்.

அக்கரைச் சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அந்த அதிகாரி கல்யாணப் புடவையா என்று தமிழில் கேட்டார். ஆமாம் என்றதும், இரண்டு கையையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு விரலால் மட்டும் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடச் சொன்னார். அந்த ஊர்மேல் எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது.

ரயில் மாற வேண்டிய ஸ்டேஷனில் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். கண் விழித்தபோது கொழும்பு. மறுபடி மலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே போனோம். நமது மலைகள் சந்தவாசல் பக்கத்தில் பாறையும் முள்ளுமாக நிற்கும். அந்த மலைகள் தலையிலிருந்து கால்வரை பச்சை போர்த்திக்கொண்டிருந்தன. தேயிலையாம். எங்கே பார்த்தாலும் வரிசை தப்பாமல், தறிக்குப் பாவு நூல் நீட்டிக் கட்டியமாதிரி.

ரயிலடியிலிருந்து பஸ் பிடித்து நுவரெலியாவில் இறங்கியதும் முனிரத்தினத்தின் பல் கிட்டிக்கொண்டது. "மாமா, இது ஊரா, ஐஸ் பெட்டியா?" என்றான். இரண்டு லுங்கியை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி, படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு கடைத்தெருவில் நடந்தான். வெள்ளைக்காரன் கட்டிய ஓட்டு வீடுகள், வாசலில் ரோஜா. ஆரணியில் தை மாசத்தில் விடிகாலையில் ஒரு துண்டைப் போர்த்துவதையே குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

புடவையை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். சேத்துப்பட்டு அம்மா விரித்துப் பார்த்து, சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். எனக்கு அது போதும்.

பிறகு சாப்பாடு. இடியாப்பம் பூ மாதிரி. கூட ஒரு தேங்காய்ச் சம்பல், பார்க்கவே நாக்கில் நீர் ஊறும் சிவப்பு. வாயருகே கொண்டுபோனபோதுதான் வாசனை வந்தது. கேட்டால், மாசி போட்டிருக்கிறதாம். மாசி என்றால் மாசம் இல்லை, கருவாடு. கல் மாதிரி காய்ந்த மீனை இடித்து அந்த நாட்டில் சம்பலில் போடுகிறார்கள், கீரையில் போடுகிறார்கள், பருப்பில்கூடப் போடுகிறார்கள். நான் இருந்த பத்து நாளும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து "இதுல மாசி கீதா?" என்று கேட்டதுதான் நான் அதிகம் பேசிய வார்த்தை. முனிரத்தினம் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான். "நீங்க வேண்டிக்கினதுக்கு எனக்குத்தான் மாமா பலன்" என்றான்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஊருக்கு மேலே தேயிலை நடுவில் ஒரு குளம் இருக்கிறது என்றார்கள், நடந்து போனோம். நம்ம ஏரி மாதிரி பெரிசு இல்லை. ஆனால் தண்ணீர் அத்தனை தெளிவு. மேலே மெல்லிய மூட்டம். கரையில் கம்பளிக் கோட்டு போட்ட ஒருவர் நீண்ட கம்பை வைத்துக்கொண்டு காற்றில் கயிற்றை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். கயிறு தண்ணீரைத் தொடும், உடனே எழும்பும், மறுபடி வீசுவார்.

"மாமா, அந்தாளு இன்னா பண்ணிகினு கீறாரு? தண்ணில மாடு ஓட்றாரா?" என்று முனிரத்தினம் சத்தமாகவே கேட்டுவிட்டான்.

அவர் தமிழர். திரும்பிச் சிரித்தார். "மீன் பிடிக்கிறேங்கய்யா. ஆனா நாலு மாசமா மீன்தான் என்னையப் புடிக்க மாட்டேங்குது."

அவர் பெயர் கருப்பையா. அந்தக் குளத்துக்குக் காவல்காரர், ஐம்பத்தைந்து வயசு இருக்கும். தாத்தா காலத்தில் தேயிலைக்கு வந்த குடும்பம். அந்தக் குளத்தில் ட்ரவுட் என்று ஒரு மீன். வெள்ளைக்காரத் துரைகள் அதன் முட்டையைக் கப்பலில் ஐஸில் வைத்துக் கொண்டுவந்து விட்டார்களாம். குளிர்ந்த தண்ணீரில்தான் வாழும். தண்ணீர்மேல் உட்காரும் பூச்சியைத் தாவிப் பிடித்துத் தின்னும். அதனால் சேவல் இறகையும் பட்டு நூலையும் கொக்கியில் கட்டிப் பூச்சி மாதிரி செய்து, கயிற்றை வீசி அதைத் தண்ணீர்மேல் மெதுவாக உட்கார வைக்க வேண்டும். புழு போடக் கூடாது, வலை கூடாது. அது அந்தக் குளத்தின் சட்டம்.

"எங்க ஆத்துல தண்ணி வத்துச்சுன்னா துண்டாலயே அள்ளுவோம்" என்றான் முனிரத்தினம். "மீனுக்குப் போய் இறகுல பொம்ம செஞ்சிகினு."

நம் கமண்டல நாகநதியில் வருஷத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்று நான் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

கருப்பையா வீட்டுக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்தார். குளக்கரையிலேயே ஓடு போட்ட ஒற்றை அறைக் குவாட்டர்ஸ். பால் இல்லாத டீ, கையில் ஒரு துண்டு கருப்பட்டி. கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். அந்தக் குளிருக்கு அமிர்தம்தான். அவர் மனைவி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய கஷ்டத்தை அப்போதுதான் சொன்னார். அந்தக் குளத்தில் ட்ரவுட்டே இல்லை என்று போன வருஷம் தூண்டில் போட வந்த சில பேர் மேலாபீஸுக்கு எழுதிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். பழைய தூண்டில்காரர், அவர் சொல்லுக்கு ஆபீஸில் மதிப்பு. அவரும் வெறுங்கையோடு போனால் குளத்தில் கெண்டை விட்டு ஏலம் போட்டுவிடுவார்கள். காவல் வேலை போய்விடும், குவாட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும்.

"மீன் இருக்குங்க. என் கண்ணால பாக்குறேன். மத்தியானத்துல ஒரு செவத்த பூச்சி வருது, வயித்துல மினுமினுன்னு கோடு. அதத் தாவித் தாவித் திங்குது. எங்கிட்ட இருக்கிற பொம்மைப் பூச்சியெல்லாம் தொரை காலத்துது, சாயம் போயி அந்து அரிச்சிருச்சு. இறகு இருக்கு, கொக்கி இருக்கு. பட்டு நூல்தான் இப்ப வர்றதில்ல. பருத்தி நூல்ல கட்டுனா ஊறி ஊதிப் போயிருது." கண்ணைத் தொட்டுக் காட்டினார். புரை விழுந்திருந்தது. "நூல் கெடைச்சாலும் கட்டுறதுக்கு இது ஒத்துழைக்கணும். நீங்க என்ன தொழிலுங்க?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

என் பையில் அரக்குப் பட்டு நூலும் ஜரிகையும் சுற்றிய ஒரு சின்ன நூற்கண்டு இருந்தது. கல்யாணப் புடவை கொண்டுபோகும்போது அதே நூலில் கொஞ்சம் கையோடு எடுத்துப் போவது எங்கள் வழக்கம். எங்காவது இழை இழுத்துக்கொண்டால் சரிசெய்யலாம். செவத்த பூச்சி, வயிற்றில் மினுமினு கோடு. அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பை கனத்தது.

பட்டு நெசவு என்றேன். பையில் நூல் இருப்பதை முனிரத்தினம் சொல்லிவிட்டான். கருப்பையா, "ஒரு முழம் போதுங்கய்யா" என்றார்.

வேண்டுதலைச் சொன்னேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். இறங்கி வரும் வழியெல்லாம் முனிரத்தினம் வக்கீல் மாதிரி பேசினான். "மீன நீங்களா புடிக்கப்போறீங்க? நூலுதான மாமா. பட்டே புழுவ வெந்நீர்ல போட்டுத்தான எடுக்கிறாங்க. அதுக்கு ஒண்ணும் சொல்லாத அம்மன் இதுக்கா கோச்சுக்கப் போறா?"

நூலாக வந்ததைத்தான் நான் தொடுகிறேன் என்று பதில் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் குளித்து விபூதி பூசிக்கொண்டு, ஜன்னலில் வைத்திருந்த அம்மன் படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றேன். மகளின் முகம் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த கருப்பையாவின் மனைவியும் வந்தார். என் வீட்டுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்பதற்காக அவர்கள் வீட்டை விட்டு இறங்கட்டும் என்றா வேண்டிக்கொண்டேன்? தாயே, நூலையும் விரலையும் கொடுக்கிறேன், மற்றதை நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கண்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

பூச்சி கட்டுவது ஒன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. புடவையில் புட்டாப் பூ போடும் கைக்கு அது பழக்கமான அளவுதான். கருப்பையா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கொக்கியின் முதுகில் அரக்குப் பட்டைச் சுற்றி, அதன்மேல் இடைவெளி விட்டு ஜரிகையை ஓட்டி, காட்டுச் சேவலின் கழுத்து இறகைக் கழுத்தில் வைத்துக் கட்டினேன். மூன்று செய்தேன். கடைசிப் பூச்சியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தவர், "இத நானே கடிச்சிருவேன் போலிருக்கே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் அந்தக் கொழும்புப் பெரியவர் வந்தார். நெட்டையாக, துணித் தொப்பி போட்டிருந்தார். சிங்களமும் இங்கிலீஷும்தான். கருப்பையா எங்களுக்கு மாற்றிச் சொன்னார். எங்களை இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளிகள் என்றதும் பெரியவர் ரொட்டிக்கு நடுவில் என்னவோ வைத்த பொட்டலத்தை நீட்டினார். கேட்கவே வேண்டியதில்லை, மீன். முனிரத்தினம் எனக்கும் சேர்த்து நன்றி சொன்னான்.

காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை வீசினார். தன் சொந்தப் பூச்சிகளைத்தான் போட்டார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் சலித்துப்போய், கருப்பையா நீட்டிய அரக்குப் பூச்சியை மாட்டிக்கொண்டார். இரண்டாவது வீச்சிலேயே அது பின்னால் இருந்த மரத்தில் மாட்டியது. இழுத்தார். பூச்சியும், அதைக் கயிற்றோடு சேர்க்கும் மெல்லிய நரம்பும் தப்பின, கயிற்றின் நுனி அறுந்துவிட்டது. கருப்பையா அந்நேரம் மதகைப் பார்க்க எதிர்க்கரைக்குப் போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்களுக்கு எதிரிலேயே தண்ணீரில் ஒரு வட்டம் விழுந்தது. பிறகு இன்னொன்று. செவத்த பூச்சிகள் வந்துவிட்டன. பெரியவரின் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன, நுனியைக் கோக்க வரவில்லை. என்னவோ முணுமுணுத்தார். மொழி தெரியாவிட்டாலும் திட்டு என்று புரிந்தது.

நான் கையை நீட்டினேன். கயிற்றை வாங்கிப் பார்த்தால், அது பட்டு. அந்தக் காலத்துப் பட்டில் பின்னிய கயிறு. எனக்கு உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அறுந்த இழையை இணைப்பது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற வேலை. பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழைக்கு இழை வைத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்டுவோம். சாம்பலுக்கு மடியில் விபூதிப் பொட்டலம் இருந்தது. நுனியைப் பிரித்து, நரம்பை நடுவில் வைத்து, கண்டில் மிச்சமிருந்த என் பட்டு நூலையும் சேர்த்து முறுக்கினேன். பாவை இழுத்துப் பார்ப்பதுபோல மெல்ல, சீராக இழுத்துப் பார்த்தேன். நின்றது. எங்கே சேர்த்தேன் என்று எனக்கே தெரியாத வழவழப்பு. பெரியவர் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வீசினார். பூச்சி இறகு மாதிரி இறங்கியது.

அப்புறம் நடந்ததை நான் முழுசாகப் பார்த்தேனா என்றே தெரியவில்லை. தண்ணீர் வெடித்த மாதிரி இருந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓட, வெயிலில் முழுசாக மேலே எழும்பித் தலையை உதறியது. கம்பு வில்லாக வளைந்தது. எதிர்க்கரையிலிருந்து கருப்பையா கத்திக்கொண்டே ஓடி வந்தார். மீன் இன்னொரு தடவை எழும்பியது. கம்பு பட்டென்று நிமிர்ந்தது. கயிறு வெறுமனே காற்றில் ஆடியது.

கருப்பையா மூச்சு வாங்கக் கயிற்றின் நுனியைப் பிடித்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"முடிச்சு எங்க?"

"முடிச்சா?" என்றேன். "முடிச்சு போட்டா அச்சுல மாட்டிக்குமே." தறியில் பாவு இழை அச்சுக் கம்பிகளுக்கு நடுவில் நுழைந்து வர வேண்டும். முடிச்சு விழுந்த பாவை எங்கள் ஊரில் பார்த்தால் சிரிப்பார்கள்.

முனிரத்தினம் குளத்தையும் மலையையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "இங்க எங்க மாமா அச்சு கீது?"

ஒரு குடும்பத்தின் கூரையை என் விரலால் முறுக்கி அறுத்துவிட்டேன். பெரியவரைப் பார்க்கவே பயம். அவர் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையையும் விரித்துக் கருப்பையாவிடம் அளவு காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துக் காட்டினார். பிறகு அவர் பேசப் பேச, கருப்பையாவின் முகம் மாறியது.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"இந்தக் கொளத்துல கெண்டை விடச் சொன்னவனத் தூக்கித்தான் கொளத்துல விடணும்ங்கிறாரு. இருபது வருசமா இப்படி ஒரு மீனப் பாக்கலையாம். அடுத்த மாசம் திரும்ப வர்றாராம். அது அவரோட மீனாம். அதுவரைக்கும் வேற யாரும் இங்க தூண்டில் போடக் கூடாதாம், நான் ராத்திரி பகலாக் காவல் காக்கணுமாம்."

மீதி இரண்டு பூச்சியையும் பெரியவர் ஒரு டப்பியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு போனார். பிடித்துத் தின்றிருந்தால் அன்றோடு மறந்திருப்பார் என்று கருப்பையா சொன்னார். தவறவிட்டவன்தான் திரும்பித் திரும்பி வருவானாம்.

கருப்பையா வீட்டில் எனக்கென்று மாசி போடாத சம்பல் அரைத்து, ரொட்டி சுட்டு வைத்திருந்தார்கள். அதைச் சாப்பிடும்போது மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "நான் வேணும்னு அப்டி முறுக்கலைங்க. அம்மன் மேல ஆணை. ஆனா அறுந்ததும் ஒரு நொடி சந்தோஷமா இருந்திச்சி. உங்க வேலைய நெனச்சது அதுக்கப்புறம்தான்."

கருப்பையா இன்னொரு ரொட்டியை எடுத்து எனக்கு வைத்தார். "எனக்கும் அந்த மீனச் சின்னதுலேருந்து தெரியுங்கய்யா" என்றார்.

கொக்கி அதன் வாயிலேயே இருக்குமே என்று கேட்டேன். கொஞ்ச நாளில் துருப்பிடித்துத் தானாக விழுந்துவிடும் என்றார்.

"அதுவரைக்கும் ஆரணி ஜரிகைல மூக்குத்தி போட்டுகினு சுத்தும்" என்றான் முனிரத்தினம். கருப்பையாவின் மனைவி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெண் அந்தப் புடவையில் மணையில் உட்கார்ந்தபோது எனக்குத் தாலியில் கண் போகவில்லை, கரை சரியாக விழுகிறதா என்பதில்தான் போனது. திரும்பி வரும்போது ரயிலில் தூங்கவில்லை. கப்பலில் முனிரத்தினம் பழையபடிதான்.

ஆரணிக்கு வந்ததும் மகளைப் பார்த்துவிட்டு நேராகப் படவேட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் அம்மனிடம் சொன்னேன். கற்பூரம் எரிந்தது. அதற்குமேல் கேட்க எனக்குத் தெரியவில்லை. மாசி மாதம் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

வருஷம் திரும்புவதற்குள் அதே சந்நிதியில் முடி இறக்கினோம். வேண்டுதல் அன்றோடு முடிந்தது. மறுநாள் முனிரத்தினம் ஏரி மீன் வாங்கிவந்து என் மனைவியிடம் கொடுத்தான். நானும் சாப்பிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது.

அந்த வாரமே கருப்பையாவிடமிருந்து கடிதம். பெரியவர் இதுவரை ஐந்து தடவை வந்துவிட்டாராம். மீன் இரண்டு தடவை பூச்சியைத் தொட்டுவிட்டுப் போனதாம். காவல் வேலை நிரந்தரமாகிவிட்டது. கண் ஆபரேஷனும் ஆகிவிட்டது, இனிப் பூச்சியைத் தானே கட்டிக்கொள்வதாகவும், அரக்குப் பட்டு ஒரு முழமும் ஜரிகையும் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். கீழே ஒரு வரி: முடிச்சை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று பெரியவர் சொல்லச் சொன்னார்.

ஒரு முழத்துக்கு இரண்டு முழமாக நூலை வைத்து, படவேட்டுக் குங்குமத்தைச் சின்னப் பொட்டலமாக மடித்து உறைக்குள் போட்டேன்.

"குங்குமம் யாருக்கு மாமா?" என்றான் முனிரத்தினம். "கருப்பையா வீட்டுக்கா, மீனுக்கா?"

இரண்டு பேருக்கும்தான் என்று சொல்லி உறையை ஒட்டினேன்.